வாயுத் தொல்லை

அம்மா அதை வாயு என்றுதான் சொன்னார். மூன்று நாட்களாக முதுகுவலி, தாடையில் இறுக்கம், மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. ஓமத் தண்ணீர் குடித்தார். நான்காம் நாள், சமைத்து வைத்து, துணி காயப்போட்ட பிறகே மருத்துவமனைக்கு வந்தார். 'இந்த வயசுல லேடீஸுக்கு இப்படித்தாம்மா இருக்கும்' என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இ.சி.ஜி. எடுக்கவில்லை. மறுநாள் இரவு வேறொரு மருத்துவமனையில் எடுத்தார்கள். மாரடைப்பு. அம்மா பிழைத்தார், இதயத்தின் வலு பாதியானது.

அப்பா நெஞ்சைப் பிடித்திருந்தால் தெருவையே கூட்டியிருப்போம். மாரடைப்பு என்றதும் நம் கண்ணில் வருவது சினிமாவில் நெஞ்சைப் பிடித்துச் சாயும் ஆண்தான். பெண்ணுக்கும் நெஞ்சுவலி வரும். ஆனால் அதோடு, சில நேரம் அது இல்லாமலேயே, முதுகுவலி, குமட்டல், மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி வரும். அசதியாக இல்லாத பெண்ணை இந்த வீடுகளில் யார் பார்த்திருக்கிறோம்?

ஒரு மருத்துவரின் அலட்சியம் என்று இதை முடித்துவிட முடியவில்லை. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 1980களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் பங்கேற்ற 22,071 பேரும் ஆண்கள். அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநரான பெர்னடின் ஹீலி, 1991இல் இந்தப் பாரபட்சத்துக்கு 'யென்டில் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். யென்டில், ஆண் வேடமிட்டுப் படிக்கப்போன ஒரு கதைப் பெண். ஆணைப் போலவே தனக்கும் நோய் என்று நிரூபித்தால்தான் பெண்ணுக்கு அதே சிகிச்சை என்பது ஹீலியின் குற்றச்சாட்டு.

அம்மாவின் கோப்பில் சர்க்கரை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு எல்லாம் இருந்தன. பேறுகாலம் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதத்தில் அவருக்குக் கால் வீங்கி, ரத்தக்கொதிப்பு ஏறியது. 'நீ பிறந்ததும் இறங்கிடுச்சு' என்பார். இறங்கினாலும் இதயம் அதை மறப்பதில்லை. கர்ப்பகால ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பிற்காலத்தில் இதயத் தமனி நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகின்றன. சீக்கிரமே மாதவிடாய் நின்றுபோவதும் அப்படித்தான். அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கான தன் வழிகாட்டுதலில் 2011இல் கர்ப்பகாலச் சிக்கல்களைச் சேர்த்தது.

எனக்கும் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. குழந்தை பிறந்ததும் எல்லோரும் மறந்தார்கள்; நானும்தான். போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது, படிவத்தில் சிகரெட்டுக்குக் கட்டம் இருந்தது, பேறுகாலத்துக்கு இல்லை. ஓரத்தில் நானே எழுதினேன்: கர்ப்பத்தில் சர்க்கரை, அம்மாவுக்கு 61 வயதில் மாரடைப்பு. தாய்க்கு 65 வயதுக்குள் வந்தால் அது மகளின் கணக்கிலும் சேரும்.

மாணவிகளிடம் இப்போது சொல்கிறேன்: உங்களைச் சுமந்தபோது என்னென்ன இருந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். எழுதி வையுங்கள். அடுத்தமுறை அவர் 'வாயுதான்' என்றால், இ.சி.ஜி. எடுக்காமல் வீடு திரும்பாதீர்கள்.