டீசல் கணக்கு

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் 25 ஆண்டுகளாக உழவு ஓட்டி வருகின்ற என்னிடம், ‘வண்டி மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?’ என்று, புதிதாக டிராக்டர் வாங்க எண்ணுபவர் எவரேனும் வந்து கேட்காத வருஷம் இல்லை. ஓர் எண்ணைச் சொல்லி அவரை அனுப்பிவிடுவது எளிது. ஆனால் இஞ்சினைப் போலவே மண்ணின் ஈரமும், வரப்பின் கோணலும், ஓட்டுபவனின் சுபாவமும், இவையனைத்துக்கும் மேலாக வண்டி யாருக்குச் சொந்தம் என்பதும் சேர்ந்தே டீசல் செலவை நிர்ணயிக்கின்றன என்று நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட எனக்கு, அந்த எண் ஒன்றே போதிய பதிலாகத் தோன்றுவதில்லை.

45 குதிரைத்திறன் வண்டியில் ஒன்பது கலப்பையை மாட்டிப் புழுதி ஓட்டுகையில் மணிக்கு நான்கு லிட்டர் அளவில் தீருகின்ற டீசல், ரோட்டவேட்டரை மாட்டிச் சேற்றில் இறங்கியதும் ஐந்து, ஆறு என்று ஏறிவிடுகிறது. கலப்பை உழவில் மேல் கியரைப் போட்டு, இஞ்சினின் சுற்றைத் தாழ்த்தி, வேலை குறையாமல் எண்ணெய் மிச்சமாகும்படி ஓட்டலாம். ரோட்டவேட்டருக்கோ, பின்னாலுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுழன்றாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருப்பதால், அந்தச் சிக்கனத்துக்கு அவ்வளவாக இடமில்லை. சேற்றில் ரப்பர் டயர் வழுக்கிச் சுழலும் ஒவ்வொரு சுற்றும் வீண். கேஜ் வீல் என்று நாங்கள் சொல்லும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தைப் பூட்டுவது அந்த வழுக்கலைக் குறைப்பதற்கே. கரும்புகை தொடர்ந்து வந்தால் சுமை மிகுந்துவிட்டது, அல்லது ஏர் ஃபில்டரில் தூசியடைத்துக் காற்றுப் போதவில்லை என்று அறியலாம். நீலப்புகை இஞ்சின் ஆயில் எரிவதன் அறிகுறி. வண்டியை வரப்போரம் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் பேசிக்கொண்டிருப்பவன், உழவே இல்லாமல் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரை எரித்துவிடுகிறான்.

வாடகை உழவில் மணிக்கணக்கு, காணிக்கணக்கு என்று இரண்டு வழக்கங்கள் உண்டு. மணிக்கணக்கில் பேசினால், மெதுவாக ஓட்டுவதால் வண்டிக்காரருக்கு நஷ்டம் இல்லை. காணிக்கணக்கில் பேசினால், விரைந்து முடிப்பதே லாபமாகையால், ரோட்டவேட்டர் மேலாக அடித்துக்கொண்டு போக, அடிமண் கலங்காமல் நின்றுவிடுகிறது. அதை ஈடுசெய்ய இன்னும் ஒரு சால் ஓட்ட நேர்கிறது. சொந்த நிலத்தைச் சொந்த வண்டியில் ஓட்டுபவரிடம் இவ்விரண்டு தோஷங்களும் இல்லை. ஆனால் இரண்டு மூன்று காணி மட்டுமே உள்ளவர், வருஷத்தில் சில நாட்களே வேலை கொடுக்கக்கூடிய வண்டிக்குப் பன்னிரண்டு மாதமும் தவணை கட்ட வேண்டியிருக்கிறது. சிறு துண்டுகளுக்குப் பவர் டில்லரே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். எனினும் நாள் முழுதும் சேற்றில் அதன் பின்னே நடக்க இளைஞர்கள் இசைவதில்லை. அறுவடை இயந்திரமோ தனி விவசாயியின் சக்திக்கு அப்பாற்பட்டது. நிலம் காய்ந்திருந்தால் டயர் வண்டி, ஈரமிருந்தால் பெல்ட் வண்டி என்று வெளியூரிலிருந்து வருவதை அமர்த்திக்கொள்கிறோம்.

ஆகவே கூட்டாக வாங்குவதே நியாயமான மார்க்கம் என்று கருதி, நானும் என் பங்காளிகள் மூவரும் ஒரு வண்டியை வாங்கினோம். முதற்போகம் வரை மனஸ்தாபம் இல்லை. வண்டியை எடுக்கும்போது தொட்டியில் எவ்வளவு இருந்தது, விடும்போது எவ்வளவு இருந்தது என்பதை எங்களில் ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அடுத்த நவரையில், ஒருவர் ஊற்றிய டீசலில் மற்றவர் நிலம் உழப்பட்டது என்ற பேச்சு எழுந்தது. அதற்குப் பிறகு தன் வேலைக்கு மேல் ஒரு லிட்டரும் ஊற்ற யாருக்கும் மனம் வராமையால், தொட்டி அடிவரை வற்றி, அடியில் தங்கிய கசடும் காற்றும் குழாயில் ஏறி, நடவாட்கள் கரையில் வந்து நின்ற காலை வேளையில் வண்டி நடு வயலில் நின்றுவிட்டது. பம்பையும் இன்ஜெக்டரையும் பழுதுபார்த்த செலவை யார் ஏற்பது என்பதிலேயே கூட்டு முறிந்து, வண்டியும் விலைபோயிற்று. நாங்கள் நால்வரும் மறுபடி ஒரே பந்தியில் உட்கார நான்கு வருஷம் ஆயிற்று.

இது இந்த ஊரில் நிகழ்ந்தது என்று எண்ணும்போது என் வருத்தம் இரட்டிப்பாகிறது. இங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்கள், ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்வதோடு அமையாமல், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைக்கு உரியவரல்லர் என்று விலக்கி வைக்கின்றன. பொதுவான நீரை நிர்வகித்தவர்கள் அவ்வளவு கண்டிப்பாக இருந்த ஊரில், பொதுவான டீசலுக்கு நாங்கள் ஒரு நோட்டுக்கூட வைக்கவில்லை. கிணற்று மோட்டாருக்கு 1990-க்குப் பின் மின்சாரம் இலவசமாகிவிட்டமையால், எரிசக்திக்குக் கணக்கு எழுதும் பழக்கமே நம்மிடையே அருகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்போது நான் தனியாக வைத்திருக்கும் வண்டியில், இருக்கைக்குக் கீழே ஒரு நோட்டு இருக்கிறது. காலையில் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மாலையில் மீண்டும் நிரப்ப எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை காணி ஓடியது, எந்தக் கருவி என்று எழுதுகிறேன். மணியைக் கடிகாரத்தில் பார்த்தே எழுத வேண்டும். பழைய வண்டிகளின் மீட்டர் இஞ்சினின் சுற்றை எண்ணுவதால், இஞ்சின் மெதுவாகச் சுழன்றால் அதுவும் மெதுவாகவே நகரும். சென்ற சம்பாவில் காணிக்கு அரை லிட்டர் கூடியதை, புகை கறுக்கும் முன்பே அந்த நோட்டுத்தான் காட்டிக்கொடுத்தது. கழற்றிப் பார்த்தால், ஏர் ஃபில்டர் முழுதும் வைக்கோல் தூசி.

2017-18-இல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், நூறு விவசாயிகள் சேர்ந்த குழு ஒவ்வொன்றுக்கும் பொது இயந்திரங்கள் வாங்க 5 லட்சம் ரூபாய் வகைசெய்யப்பட்டது. நால்வரிடையே முறிந்த காரியம் நூறு பேரிடையே நிலைக்க வேண்டுமானால், நோட்டில் கையெழுத்திட்ட பிறகே வண்டிச் சாவியை எடுக்கட்டும். தொட்டி நிறைந்திருந்தாலன்றி அடுத்தவர் வண்டியைப் பெற்றுக்கொள்ளாதிருக்கட்டும். மாதம் ஒருமுறை கணக்கு எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படட்டும். வரும் நவரைக்குக் கூட்டாக வண்டி வாங்கவிருக்கும் அன்பர்கள், கடன் மனுவில் கையெழுத்திடுமுன் இம்மூன்றையும் தங்களுக்குள் எழுதிவைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.