ஏழு பெயர்கள்

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அறிக்கை எழுதும் பொறுப்பு இந்த வருஷமும் என் தலையில்தான் விழுந்தது. இத்தகைய அறிக்கைகளின் லட்சணம் நேயர்கள் அறியாததல்ல. பள்ளி இன்ன வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. பரீட்சையில் இத்தனை பேர் தேறினார்கள். ஓட்டப் பந்தயத்தில் இத்தனை கேடயங்கள், பேச்சுப் போட்டியில் இத்தனை கோப்பைகள் என்று அடுக்கிக்கொண்டே போவோம். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் கைக்குட்டையால் கொட்டாவியை மறைத்துக்கொண்டு கை தட்டுவார்கள்.

அறிக்கையோடு இன்னொரு காகிதமும் நான் தயாரிக்க வேண்டியிருந்தது. அதை யாரும் மேடையில் வாசிப்பதில்லை. பத்தாம் வகுப்புக்குப் போனால் பள்ளியின் 'நூறு சதவிகித'த்தைக் கெடுத்துவிடக் கூடிய பையன்களின் ஜாபிதா அது. அவர்களுடைய பெற்றோரை அழைத்து, இதமாகப் பேசி, டி.ஸி. வாங்கிக்கொண்டு போகச் செய்வது வழக்கம். ஆறு பெயர்களைத் தயங்காமல் எழுதினேன். ஏழாவது பெயரில் பேனா நின்றது. அந்தப் பையன் கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பூஜ்யத்துக்கு அண்டை வீட்டுக்காரன். ஆனால் ஒருநாள் கரும்பலகையில் நான் போட்ட கணக்கைப் பார்த்து, "மூன்றாவது வரி தப்பு, ஸார்" என்று சொன்னவன் அவன்தான்.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் என் ஞாபகத்துக்கு வந்தது. 1864-ல் தோன்றிய அந்தப் பள்ளியில் 1898-ல் சேர்ந்தவர் ஸ்ரீநிவாச ராமானுஜன். ஏறக்குறைய 1,200 மாணவர்களையும் முப்பத்தைந்து உபாத்தியாயர்களையும் வகுப்புகளுக்குப் பகிர்ந்து கால அட்டவணை போடுகிற தலைவேதனையைக் கணித உபாத்தியாயர் இந்தப் பையனிடமே ஒப்படைத்தாராம்! 1904-ல் ரங்கநாத ராவ் கணிதப் பரிசை வழங்கும்போது, தலைமையாசிரியர் கிருஷ்ணஸ்வாமி அய்யர் இவருக்கு முழு மார்க்குக்கும் மேலே கொடுக்கத் தகும் என்று சபையில் சொன்னார்.

அதே வருஷம் ராமானுஜன் அதே ஊர்க் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ல் வீட்டைவிட்டு விசாகப்பட்டணத்துக்கு ஓடினார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சை தேறவில்லை. கலாசாலைக்காரர்கள் துஷ்டர்களல்லர், விதிப்படி நடந்தார்கள். நானும் அன்று விதிப்படிதான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானதும், 1920-ல் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்ததும் உலகமறிந்த கதை.

ஏழாவது பெயரை அடித்தேன். உடனே மற்ற ஆறு பெயர்களும் என்னை நிமிர்ந்து பார்ப்பதுபோல் இருந்தது. என் பையன் ராமானுஜன் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி இல்லாவிட்டால்தான் என்ன? மேதைக்கு மட்டுந்தான் பள்ளிக்கூடமா? கணக்கும் வராத ஆறு பேர் எங்கே போவார்கள்? காகிதத்தை நாலாகக் கிழித்தேன்.

தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "நூறு குறைந்தால் என்ன ஸார் செய்வது?" என்றார்.

"காலை ஏழு மணிக்கு வந்து அவர்களுக்கு நான் பாடம் சொல்கிறேன். அப்படியும் குறைந்தால், அடுத்த வருஷ அறிக்கையில் அதையும் நானே எழுதுகிறேன்" என்றேன். அவர் வெகு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாவியை வாட்ச்மேனிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

நேற்று முதல் வகுப்பு. ஆறு பேர் தூக்கக் கண்களுடன் வந்து சேர்ந்தார்கள். வராதவன் யார் என்று நினைக்கிறீர்கள்? சாக்ஷாத் அந்தக் கணக்குப் புலிதான்! இன்று மாலை அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.