தலைகீழாகப் பிடித்த புத்தகம்

எழுத்தாளன் என்று ஊரில் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால், பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குக் கூப்பிடாமல் விடமாட்டார்கள். ஒரு துண்டைப் போர்த்தி, சோடா கொடுத்து, பேசச் சொல்வார்கள். அது எனக்குப் பழக்கம். ஆனால் போன மாசி மாதம் எங்கள் தெரு டீச்சர் வந்து கேட்டது வேறு தினுசு.

"ஸார், ஒரு வாரம் எங்க யூ.கே.ஜி. பிள்ளைங்களுக்கு வந்து கதை வாசிக்கணும். தினம் முக்கால் மணி போதும்."

"சொல்லணுமா, வாசிக்கணுமா?"

"வாசிக்கணும். புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு."

இதென்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டேன். பதினோரு நாவல் எழுதியவன் இதற்கு யோசிப்பானா? தவிர, நான் ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். மறுபடியும் ஒரு வகுப்பறைக்குள் கௌரவமாக நுழைய இது ஒரு சந்தர்ப்பம்.

2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி.யும் யூ.கே.ஜி.யும் ஆரம்பித்தார்களே, அவற்றில் ஒன்று எங்கள் ஊருக்கும் வந்தது. அதற்குள்தான் போனேன். கிண்டர்கார்டன் என்றால் ஜெர்மன் பாஷையில் குழந்தைகளின் தோட்டம். 1840இல் பிரெடரிக் ஃப்ரோபெல் வைத்த பெயர். பதினொரு வருஷம் கழித்து, பிரஷ்ய சர்க்கார் இந்தத் தோட்டங்கள் ஆபத்தானவை என்று தடையே போட்டது. நாலு வயதுப் பிள்ளைகளைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் ஏன் பயந்தது என்று முன்பெல்லாம் எனக்கு விளங்கியதில்லை. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்தபோது கொஞ்சம் விளங்கிற்று.

"தாத்தா வந்திருக்காரு!" என்றாள் சிவப்பு ரிப்பன் கட்டிய பெண். எனக்கு வயது நாற்பத்தாறுதான். போகட்டும்.

புத்தகம், ஒரு நரியும் ஆட்டுக்குட்டியும். பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. இவ்வளவு மெலிந்த கதையை அப்படியே வாசிப்பது என் தொழிலுக்கே இழுக்கு என்று பட்டது. நரிக்கு ஒரு மாமியாரைச் சேர்த்தேன். ஆட்டுக்குட்டிக்குக் காய்ச்சல் வர வைத்தேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அன்று முட்டை நாள். சமையலறையிலிருந்து வாசனை வந்ததும் என்னையும் நரியையும் விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

செவ்வாய்க்கிழமை, "அதே கதை!" என்றார்கள். மாமியார் வேண்டாமென்று, இந்தத் தடவை நரிக்கு ஒரு தம்பியைக் கொடுத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிவப்பு ரிப்பன் சந்தேகத்தோடு புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க ஸார். எழுதியிருக்கிறதை மட்டும் வாசிங்க. கதை சொல்ல இவங்க வீட்ல பாட்டி இருக்காங்க. பாட்டி கதை தினம் ஒரு மாதிரி மாறும். புத்தகத்துல இருக்கிறது மாறாது. அதைத்தான் இவங்க முதல்ல கண்டுபிடிக்கணும்."

எழுத்து என்றால் மாறாத பேச்சு என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்காகவும் தோன்றியதில்லை.

அதன் பிறகு அந்த அம்மாள் பாடம் நடத்துவதையும் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அ, ஆ என்று வரிசையாகத் தொடங்குவதில்லை. ட, ப, ம. ட என்றால் இரண்டு கோடு; ப என்றால் மூன்று. ம வந்துவிட்டால், புள்ளியும் வைத்து, படம், பட்டம், மடம் என்று வார்த்தையே வந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் அ எழுதுவதற்குள் விரல் சுளுக்கிக்கொள்ளும்.

எழுதுவது ஒரு தகரத் தட்டில் பரப்பிய மணலில். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல்தான். 1790களில் சென்னையில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட, இங்கிலாந்தில் அவருடைய முறைக்கு 'மதராஸ் முறை' என்றே பெயராயிற்று. 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்தபோது, உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகும் வித்தையைக் கொண்டுவந்தார். மணலைக் கொடுத்து உப்புத்தாளை வாங்கிக்கொண்டோம், வியாபாரம் மோசமில்லை.

சிவப்பு ரிப்பனுக்கு இரண்டாம் வகுப்பில் ஒரு அக்காள் உண்டு. அந்தச் செருக்கில் ஒரு கேள்வி போட்டாள். "கெ-ன்னு எழுதறப்ப கொம்புதானே முன்னாடி நிக்குது? க-வை ஏன் முன்னாடி சொல்றோம்?"

இருபத்தைந்து வருஷமாகக் கொம்பு போட்டுப் பிழைக்கிறவன் திருதிருவென்று விழித்தேன். டீச்சர் அசரவில்லை. "அது வாசல்ல நிக்கிற ஆளு கண்ணு. யார் வீடுன்னு கேட்டா வீட்டுக்காரர் பேரைத்தானே முதல்ல சொல்வோம்?"

புதன்கிழமைதான் அந்தப் பையனைக் கவனித்தேன். சட்டையில் ஒரு பித்தான்கூடக் கிடையாது, எல்லாம் ஊக்கு. நான் வாசித்து முடித்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உரக்க வாசித்தான். பதினாறு பக்கமும், வரி பிசகாமல். நடுவில் நான் எங்கே இருமினேனோ, அங்கே இருமினான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

திருப்பிக் கொடுக்கலாமென்று எழுந்தேன். டீச்சர் கையமர்த்தினார்.

"அவனுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதே, டீச்சர்! மனப்பாடமாக அல்லவா ஒப்பிக்கிறான்?"

"எழுத்து இன்னிக்கு இல்லாட்டி மூணு மாசத்துல வரும் ஸார். இதுக்குள்ள கதை இருக்கு, அதை நாமே எடுத்துக்கலாம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க, அது என்னால சொல்லிக்கொடுக்க முடியாதது."

அன்று வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் என் பெண்ணுக்கு நாலு வயது. புத்தகச் சந்தையில் ஒரு படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். அதை அம்மாவுக்கு வாசித்தாள், தெரு நாய்க்கு வாசித்தாள், ஒருநாள் எனக்கும் வாசிக்க வந்தாள். கண் படத்தில் இருந்தது, வாய் கதையைச் சொல்லிற்று. எழுத்தாளன் வீட்டில் இந்தப் போலி வாசிப்பா என்று எனக்குப் பொறுக்கவில்லை. படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன். "இது என்ன வார்த்தை? இப்போது சொல்லு" என்றேன். அவள் என் கையையே பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் முதலிலிருந்து கதையைச் சொன்னாள். "கதை கிடக்கட்டும், எழுத்தைப் பார்" என்றேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எழுத்தெல்லாம் உரிய காலத்தில் வந்தது. தமிழில் நல்ல மார்க்குத்தான் வாங்கினாள். ஆனால் பாடத்துக்கு வெளியே ஒரு புத்தகத்தைத் தானாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. என் நாவல் ஒன்றையும் அவள் படித்ததில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள், கைபேசி, என்று நண்பர்களிடம் அலுத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை தொண்டை கட்டியிருந்தது. சீக்கிரம் முடிக்கலாமென்று இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன். ஊக்குப் பையன் எழுந்து வந்தான். ஒன்றும் பேசாமல் என் கையை விலக்கி, ஒட்டியிருந்த தாளைப் பிரித்தான். "நரி இன்னும் மரத்துக்கிட்ட வரல" என்றான்.

வெள்ளிக்கிழமை நானே அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். புத்தகத்தை அவன்தான் பிடித்திருந்தான், நேராக. யாரும் திருத்தியதாகத் தெரியவில்லை. மரம் வருகிற பக்கத்தில் நிறுத்தி, ஓர் எழுத்தின் மேல் விரல் வைத்தான். "இது மணல்ல போட்டோமே." சிறிது யோசித்து, "அம்மாலயும் வருது" என்றான். நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன். வேறு எந்த எழுத்தையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி, திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன். பரீட்சை, மெஸ் சாப்பாடு எல்லாம் விசாரித்த பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"சின்ன வயசில் ஒரு காக்காய் புத்தகம் வைத்திருந்தாயே, ஞாபகம் இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"காக்காய் இல்லப்பா, நாரை. நீங்க கையை வச்சு மறைச்சீங்களே, அந்தப் பக்கத்துலதான் நாரை இருந்துச்சு."

என்ன பதில் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அடுத்த வாரம் லீவுக்கு வருகிறாளாம். பரண் மேல் ஏணி போட்டு ஏறி நான் எதைத் தேடுகிறேன் என்று என் மனைவி மூன்று தடவை கேட்டுவிட்டாள்.