ஒரு நிமிஷம் அசையாதீங்க!

எங்கள் வீட்டில் காலியாகும் எந்த டின்னையும் இப்போதெல்லாம் என் அனுமதி இல்லாமல் பழைய பேப்பர்காரரிடம் போட முடியாது. பால் பவுடர் டின், பிஸ்கட் டின், பெருங்காய டப்பா, தீப்பெட்டி... எதுவானாலும் முதலில் என் கைக்கு வரவேண்டும். மூடியைத் திருகிப் பார்ப்பேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பேன். வெளிச்சம் புகாது என்று உறுதியானால் அது காமிரா. புகுந்தால் வெறும் டின்.

"அவனவன் காமிரா வாங்கக் காசு சேர்ப்பான். இவர் குப்பை சேர்க்கறார்" என்பது என் மனைவியின் அபிப்பிராயம். தீர்ப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். மேல்முறையீடு கிடையாது.

டீக்கடை நண்பர் கேட்டார்: "ஏன் சார், செல்போனைத் தட்டினா படம் வருது. எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

நியாயமான கேள்வி. செல்போனில் போன வருஷம் எடுத்த படங்கள் மூவாயிரத்துச் சொச்சம் இருக்கின்றன. அதில் எத்தனையைத் திரும்பப் பார்த்தேன் என்று கேட்டால் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான். டின் காமிராவில் ஞாயிற்றுக்கிழமை பூராவும் பாடுபட்டால் மூன்று படம் தேறும். மூன்றும் மனப்பாடம்.

இதில் லென்ஸ் கிடையாது. பட்டன் கிடையாது. பாட்டரி கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு பொத்தல். அதுவும் ஊசிமுனைப் பொத்தல்.

வெளிச்சம் நேர்கோட்டில் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். (நான் பி.காம். எனக்கே ஞாபகம் இருக்கிறது.) தென்னைமரத்தின் உச்சியிலிருந்து கிளம்பும் வெளிச்சம் பொத்தல் வழியாக நுழைந்து டின்னின் அடியில் போய் விழும். மரத்தடியிலிருந்து வருவது மேலே விழும். ஆகவே உள்ளே தென்னைமரம் சிரசாசனம் செய்யும். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இப்னு அல் ஹைதம் என்ற அரபு மேதை இதைப் பரிசோதித்து எழுதி வைத்துவிட்டார். ஹம்பி போனவர்கள் விரூபாட்சர் கோயிலில் பார்த்திருக்கலாம். உள்ளே ஒரு சுவரில் ராஜகோபுரம் தலைகீழாக விழும். எதிரே சின்னதாக ஒரு துவாரம், அவ்வளவுதான். அந்த அறையே காமிரா.

அவ்வளவு தூரம் போக வசதியில்லையா? வேப்பமரத்தடியில் நில்லுங்கள். தரையில் வட்ட வட்டமாக வெயில் பொட்டுகள் கிடக்கும். இலை இடுக்கு எந்த வடிவமானாலும் பொட்டு மட்டும் ஏன் வட்டம்? ஒவ்வொன்றும் சூரியனின் போட்டோ! 2019 டிசம்பர் 26-ம் தேதி கிரகணத்தின்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். அத்தனை பொட்டும் பிறைபிறையாக மாறிக் கிடந்தன.

செய்முறைக்கு வருவோம். டின்னின் உட்புறம் முழுக்க பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட். பக்கவாட்டில் ஆணியால் ஒரு துளை. குளிர்பான கேனிலிருந்து தபால்தலை அளவுக்கு ஒரு தகடு வெட்டி, மெல்லிய ஊசியால் நடுவில் லேசாகக் குத்தி, மறுபுறம் எழும்பும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, அந்தத் துளைமேல் ஒட்டவேண்டும். பொத்தலுக்கும் பேப்பருக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் என்றால் பொத்தல் சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். பெரிதானால் படம் கலங்கும். "சரி, இன்னும் பொடிசாகப் போடுவோம்" என்றால் அதுவும் நடக்காது. ரொம்பக் குறுகலான சந்தில் வெளிச்சம் அலையாகச் சிதறி மறுபடி கலக்கிவிடும். எல்லாவற்றிலும் ஒரு நடுத்தர வர்க்கம் இருக்கிறது சார்!

பொத்தல்மேல் கறுப்பு டேப். அதுதான் ஷட்டர். சிவப்பு ஜீரோ வாட் பல்பு போட்ட பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே போட்டோ பேப்பரை வளைத்து வைத்து மூடினால் காமிரா ரெடி. அந்த நேரத்தில் வீட்டில் யாருக்காவது பாத்ரூம் அவசரமாகத் தேவைப்படும். இது விதி.

படத்தைக் கழுவ ரசாயனம் வேண்டுமே என்றால், சமையலறையிலேயே இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பேராசிரியரும் மாணவர்களும் காபியிலேயே படம் கழுவ முடியும் என்று கண்டுபிடித்தார்கள். இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவை சோடா, கொஞ்சம் வைட்டமின் சி. கும்பகோணம் டிகிரி காபி குடித்து வளர்ந்தவர்கள் அந்தக் கலவையின் வாசனையைத் தாங்கமாட்டார்கள். காபியைக் கொலை செய்து மூன்று நாள் கழித்துப் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். ஆனால் வெள்ளைத் தாளில் மெல்ல மெல்ல ஓர் உருவம் எழும்பி வரும்போது மூக்கு தானாக மன்னித்துவிடும். பிறகு ஹைப்போவில் முக்கிவிட்டால் படம் நிலைத்துவிடும்.

வருவது நெகடிவ். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும். நம் கணக்கில் டெபிட், பாங்கிக் கணக்கில் க்ரெடிட் என்று படித்தவனுக்கு இது சகஜம்.

இந்தப் பைத்தியத்தில் நான் கத்துக்குட்டி. செக்கோஸ்லோவாகியாவில் க்யோவ் என்ற ஊரில் மிரோஸ்லாவ் டிஹி என்று ஒருவர் இருந்தார். அட்டை, ஒட்டுப்பலகை, நூல்கண்டு உருளை எல்லாம் வைத்துக் காமிரா செய்தார். லென்ஸை பற்பசையும் சிகரெட் சாம்பலும் போட்டுத் தேய்த்தே உருவாக்கினார். 2005-ல் ஜூரிக் மியூசியத்தில் அவர் படங்களுக்குக் கண்காட்சியே வைத்தார்கள். எடுத்ததெல்லாம் ஊர்ப் பெண்களை, பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாமல். காமிரா விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றுவது உத்தமம்.

இனி அப்பா விஷயம்.

அப்பா அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்து ரிடையர் ஆனவர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர். அவர் விரல் வேகத்தைப் பார்க்கப் பக்கத்து செக்ஷனிலிருந்து ஆள் வருமாம். இரண்டு வருஷமாக வலது கையில் நடுக்கம். டாக்டர் ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். அன்றிலிருந்து அப்பா தோளிலிருந்த துண்டை மடியில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். கை அதற்கு அடியில். கல்யாண வீடுகளில் போட்டோ என்றால் சாப்பிடப் போய்விடுவார். நாங்களும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் டின்னை வைத்துக்கொண்டு நின்றபோது அவரே ஏறி வந்தார்.

"என்னை எடுப்பியாடா இதுல?"

"எடுக்கலாம்ப்பா. ஆனா ஒரு நிமிஷம் அசையாம இருக்கணும்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்த துண்டை எடுத்தார். நிதானமாக நாலாக மடித்து நாற்காலியின் கையில் வைத்தார்.

"ம்... ஆரம்பி."

டேப்பை விலக்கினேன். எண்ணும் பொறுப்பு என் ஐந்து வயதுப் பெண்ணுக்கு. முப்பத்தொன்பது வரைக்கும் ஒழுங்காக வந்து, அடுத்து நேராக ஐம்பதுக்குத் தாவினாள். தாத்தாவால் திருத்த முடியவில்லை. அசையக்கூடாதே! கண்ணால் முறைத்தார். அறுபது என்றதும் டேப்பை ஒட்டினேன். அந்த ஒரு நிமிஷத்தில் கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர், ஒரு கீரைக்காரம்மா, இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் போனார்கள். அப்பாவை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை.

படம் வந்தது. செல்போனில் நெகடிவைப் பாசிடிவாக மாற்றினேன். நெற்றி, மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் பேனா, எல்லாம் அச்சு அசலாக அப்பா. வலது கை இருந்த இடத்தில் மட்டும் கை இல்லை. வெள்ளையாக ஒரு புகை. செல்போன் காமிரா நூறில் ஒரு பங்கு விநாடியில் நடுக்கத்தை உறைய வைத்து மறைத்துவிடும். டின்னுக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. ஒரு நிமிஷத்தில் நடந்தது அத்தனையும் அப்படியே தாளில் இருந்தது.

காட்டலாமா வேண்டாமா என்று மனைவியைப் பார்த்தேன். அவள், "மாமா, படம் வந்துடுச்சு!" என்று குரல் கொடுத்துவிட்டாள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் டைப் அடிச்ச கைடா. ரிடையர் ஆயிட்டோம்னு அதுக்கு இன்னும் ஆர்டர் போகலை போலிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். துண்டு அப்புறம் தோளுக்குப் போய்விட்டது.

இப்போது வீட்டில் இரண்டு பைத்தியங்கள். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வுக் கூடத்தில் 2012-ல் ஒரு மாணவி பீர் கேனில் இதே மாதிரி பேப்பரைச் சுருட்டி வைத்துவிட்டு மறந்துபோக, 2020-ல்தான் கண்டுபிடித்து எடுத்தார்கள். எட்டு வருஷ சூரியன், 2,953 வளைகோடுகள், ஒரே தாளில்! இந்த வகையில் படத்தைக் கழுவக்கூட வேண்டாம். வெயிலே தாளில் கோடு போட்டுவிடும். மேகம் மறைத்த நாளில் கோடு விட்டுப்போகும்.

நாங்களும் ஒரு டின்னை டிசம்பர் 22-ம் தேதி கிழக்கு பார்த்து மாடி பைப்பில் கட்டிவிட்டோம். உத்தராயணம் முழுக்க சூரியன் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது அதில் பதியவேண்டும். எடுப்பது ஜூன் 21.

"ஆறு மாசமா?" என்றார் அப்பா.

"ஆமாம்ப்பா."

"சரி. இருந்து பார்த்துடலாம்."

தினமும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, மாடிக்குப் போய் டின் நகராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார். போன வாரம் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஆள் அனுப்பியபோது அப்பா பதறிப்போய் ஓர் அட்டையில் எழுதிக் கட்டிவிட்டார். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்க முடிகிறது:

"தொடாதீர்கள். உள்ளே சூரியன் வேலையாக இருக்கிறார்."