பெல்ட்டைக் கழற்றினால் போதுமா?

பவர் ஸ்டியரிங் பழுதாகிச் செலவு மிகும்போது, “பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், சாதாரண ஸ்டியரிங் ஆகிவிடும்” என்று ஆலோசனை கூறுவோர் உண்டு. கேட்டவுடன் ஏற்றுவிடாதீர்கள்.

கைவலுவால் மட்டுமே திருப்புவதற்கென அமைந்த வண்டியில் ஸ்டியரிங்கை அதிகச் சுற்றுகள் சுற்ற வேண்டும்; அதனால் பளு குறையும். பவர் ஸ்டியரிங்கில் பொதுவாகச் சுற்றுகள் குறைவு. அதனால் மிகும் பளுவை, எஞ்சின் இயக்கும் பம்பின் எண்ணெய் அழுத்தம் சுமக்கிறது. பம்ப் நின்றுவிட்டால் அப்பளு நம் தோள்மீது இறங்கும். உள்ளே தங்கிய எண்ணெயும் எதிர்த்து நிற்கும். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. முறையான மாற்றம் என்பது, அதே மாடலுக்குரிய சாதாரண ஸ்டியரிங் ராக்கைப் பொருத்துவதே.

எங்கள் பழைய காரில் பம்ப் கசிந்தபோது இவற்றையெல்லாம் மெக்கானிக் விளக்கினார். அக்காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர், தோள்வலியுள்ள என் துணைவியார். குறுகிய சந்தில் மெதுவாகத் திருப்பும் வேளையில்தான் ஸ்டியரிங் மிகவும் கனக்கும் என்றறிந்ததும், பம்பின் சீல்களை மாற்றிச் சீர்செய்யச் சொன்னேன்.

மாற்றியே தீரவேண்டுமெனில், வீட்டில் வண்டி ஓட்டுவோர் அனைவரும் மெதுவான வேகத்தில் திருப்பிப் பாருங்கள். பின்னாளில் விற்கும்போது அம்மாற்றத்தை மறைக்காமல் கூறிவிடுங்கள். அறியாமல் ஓட்டுபவர் ஒரு வளைவில் தடுமாறக்கூடும். அவ்வுயிருக்கும் நாம் பொறுப்பாளிகளே.