அமெரிக்கனுக்கா கைதட்டினீர்கள்?
ஈராக் யுத்தம் நடந்த காலம். "அமெரிக்கனுக்கா சப்போர்ட்?" என்று கூட்டாளிமார் எங்களை ஏசினார்கள். டென்னிஸில் நாங்கள் அன்டி ரொடிக்கின் ஆட்கள்.

2005 மே, ரோம் நகரப் போட்டி. ஸ்பெயினின் வெர்டாஸ்கோவோடு ஆட்டம். ரொடிக்குக்கு மெட்ச் பொயின்ட். வெர்டாஸ்கோவின் இரண்டாவது சேர்வ் வெளியே என்று அறிவித்துவிட்டார்கள். வெற்றி கையில். ரொடிக்கோ செம்மண் தரையில் பந்து பதிந்த தடத்தைக் காட்டி, உள்ளேதான் விழுந்தது என்றார். ஆட்டம் தொடர்ந்தது. கடைசியில் தோற்றதும் அவர்தான்.

புஷ் மீதிருந்த கோபம் எங்களுக்குக் குறையவில்லை. அதை ஏன் ரொடிக் மீது இறக்க வேண்டும்?

"சேர், எனக்கு மார்க்ஸ் கூடப் போட்டிருக்கீங்க" என்று பேப்பரோடு வரும் பிள்ளையிடம் ஊரும் இனமும் கேட்டா மெச்சுகிறோம்? பிறக்கும் நாட்டை யாரும் தெரிவு செய்வதில்லை. நேர்மையை அவரவர்தான் தெரிவு செய்கிறார்கள். எங்கள் கைதட்டல் அதற்குத்தான்.