கடைவயலுக்கு முதல் நீர்

மன்னாருக்குச் செல்வோர் பெரும்பாலும் கடலைக் காணவே செல்கின்றனர். தலைமன்னாரின் பழைய இறங்குதுறை, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை, பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பெருக்கமரம், தெருவிலே திரியும் கழுதைகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, மன்னாரைக் கண்டோம் என்று திரும்பிவிடுகின்றனர். ஆயின் கடலுக்கு முதுகு காட்டிப் பெருநிலத்தை நோக்கிச் சென்றால் வேறொரு மன்னார் உண்டு. அது நெல் விளையும் மன்னார். அதனை எனக்குக் காட்டித் தந்தவர் என் பெரியப்பா. அவருடைய முதலாம் ஆண்டுத் திவசத்துக்காக அண்மையில் அங்கு சென்றுவந்தேன்.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதி ஏறக்குறைய 3 கிலோமீற்றர் நீளமுடையது. 1990இல் போரிலே தகர்ந்த பாலத்துக்குப் பதிலாக 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதனைக் கடந்து, திருக்கேதீச்சரத்தையும் பாலாவித் தீர்த்தத்தையும் தரிசித்து, அடம்பன் பக்கமாகச் சென்றால் உப்புக்காற்று மெல்ல மறைந்து, சேற்றின் மணம் எழுகின்றது.

மழை குறைந்த இந்த வறண்ட நிலத்துக்கு உயிர் கொடுப்பது கட்டுக்கரைக்குளம். அநுராதபுரத்தைத் தழுவி வரும் மல்வத்து ஓயாவே இங்கு அருவியாறு என்று பெயர் பெறுகின்றது. தேக்கம் என்னும் அணையிலே மறிக்கப்பட்ட அதன் நீர், கால்வாய் வழியே குளத்தை அடைந்து, குளத்திலிருந்து வாய்க்கால்களாகப் பிரிந்து வயல்களுக்குப் பாய்கின்றது. காலபோகத்துக்கு மாரி மழையும் துணை நிற்கும். சிறுபோகமோ குளத்தில் எஞ்சிய நீரையே நம்பியிருப்பது. ஆகவே ஆண்டுதோறும் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானித்த பின்னரே ஏர் இறங்கும்.

நான் சிறுவனாயிருந்தபோது ஒரு வறட்சியான சிறுபோகம் வந்தது. எங்கள் வயல் வாய்க்காலின் தலைப்பில் இருந்தது. இரவிலே மடையைச் சற்றே திறந்துவிட்டால் கேட்பார் எவருமில்லை. பெரியப்பா அரிக்கன் விளக்கை என் கையிலே தந்து அழைத்துச் சென்றார். மடையைத் திறக்கப் போகிறார் என்றே எண்ணினேன். அவரோ, நீர் கசிந்த இடத்திலே புல்லையும் சேற்றையும் வைத்து அடைத்தார்.

"பெரியப்பா, எங்கட வயல் காயுதே?" என்றேன்.

"தம்பி, தலைவயலுக்கு எப்பிடியும் தண்ணி வரும். கடைவயல்காரன்ர முறை தவறினால் அவன்ர அடுப்பெல்லோ அணையும்" என்றார்.

அந்தக் கடைவயல் அவருடைய முஸ்லிம் நண்பர் ஒருவருக்கு உரியது. இருவரும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்றே அழைப்பர். சூடடிக்கும் நாட்களில் இரு களங்களிலும் இரு குடும்பத்துப் பிள்ளைகளும் விளையாடுவோம். அறுவடை முடிந்ததும் பெரியப்பா கூலியாட்களுக்கு முதலில் நெல் அளப்பார். பின்னரே வீட்டுக்கு மூட்டை வரும். வண்டியிலே வங்காலைக்குச் சென்று நெல்லைக் கொடுத்துக் கருவாடு வாங்கி வருவார். பெரியம்மாவும் பிள்ளைகளும் உண்ட பிறகே தாம் சோற்றில் கை வைப்பார்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். நண்பரும் குடும்பத்தோடு புத்தளம் சென்றார். அவருடைய நிலம் கரம்பாயிற்று. பெரியப்பா அதிலே ஒரு பிடி நெல்லும் விதைக்கவில்லை. ஆனால் மாரிக்கு முன் மண்வெட்டியோடு சென்று அதன் வரம்பை மட்டும் கட்டிவிட்டு வருவார். வீண் வேலை என்று பலர் சிரித்தனர். "நிலம் சும்மா கிடக்கலாம், வரம்பு அழிஞ்சால் வாறவனுக்கு என்ன சொல்லுவன்?" என்பதே அவருடைய மறுமொழி.

2008இல் போர் அந்த வயல்வெளிக்கே வந்தது. பெரியப்பாவும் இடம்பெயர்ந்தார். போர் முடிந்து திரும்பியபோது எங்கும் பற்றைக்காடு. பிறகு ஒருநாள் புத்தளத்திலிருந்து நண்பரும் வந்தார். தலை நரைத்த இருவரும் முட்பற்றைகளை விலக்கி நடந்தனர். மண்வெட்டியால் ஓரிடத்தைக் கொத்தியபோது பழைய வரம்பின் மேடு தென்பட்டது. நண்பர் அதன்மேல் அமர்ந்து நெடுநேரம் பேசாதிருந்தாராம். இதனைப் பெரியம்மா என்னிடம் கூறியபோது அவருடைய குரல் தழுதழுத்தது.

திவசத்தன்று மாலை வயலுக்குச் சென்றேன். பெரியப்பாவின் பிள்ளைகள் கடல்கடந்து வாழ்கின்றனர். விதைப்பார் இல்லாமல் எங்கள் நிலம் இவ்வாண்டு கரம்பாய்க் கிடக்கின்றது. காடு மண்டியிருக்கும் என்று அஞ்சிச் சென்ற நான் வியந்து நின்றேன். நாற்புறமும் வரம்பு புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. சற்றுத் தொலைவில், சேறு படிந்த காலோடு ஒருவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் அந்த நண்பரின் மகன்.

"யார் கட்டச் சொன்னது?" என்று கேட்டேன்.

"வாப்பா சொன்னவர். நீங்கள் ஆராவது விதைக்க வருவீங்கள்தானே?" என்றார்.

வாய்க்காலிலே நீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மடை மூடியே இருந்தது. நீர் கடைவயலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.